சித்தூர்ச் சீமையின் அச்சோவியர் கிருஷ்ணா ரெட்டி

அலிபிரி என்ற பெயருக்கு என்ன பொருள் என்று திருப்பதியிலேயே பத்துப் பேரைக் கேட்டுப் பாருங்கள், எட்டுப் பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். மலையடிவாரம், படியேறத் தொடங்குகிற இடம், பெட்டி படுக்கையைச் சோதனை போடுகிற இடம். அவ்வளவுதான் தெரியும். ஆனால் வைணவப் பெரியவர்கள் வழிவழியாகச் சொல்லி வருகிற செய்தி ஒன்று உண்டு. மலையின் அடியில் ஒரு புளியமரம் நின்றதாம். அதன் நிழலில்தான் இராமாநுசர் தம் தாய்மாமனான திருமலை நம்பியிடம் ஓராண்டுக் காலம் இராமாயணத்துக்குப் பொருள் கேட்டாராம். அடியில் நின்ற புளி 'அடிப்புளி'. அதுவே தெலுங்கு வாயில் புகுந்து அலிபிரி ஆயிற்று என்பார்கள். சொல்லாராய்ச்சிக்காரர்கள் இதை ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம். ஒரு தமிழ் மரம் தெலுங்கு ஊர்ப்பெயராக நிற்கிறது என்கிற எண்ணம் எனக்குப் பிடித்திருக்கிறது.

நான் வந்தவாசிப் பக்கத்துத் தமிழ்ச் சமணன். இருபது வயது கடந்த புதிதில் இங்கே வந்து, மலைக்குப் போகும் சாலைக்குக் கொஞ்சம் தள்ளி பெயிண்ட், வார்னிஷ், லின்சீட் ஆயில் வியாபாரம் தொடங்கினேன். படிப்பு பள்ளிக்கூடத்தோடு சரி. மற்றதெல்லாம் கடையில் கூட்டமில்லாத மத்தியானங்களில் படித்ததுதான். நம் சங்க மலருக்கு வழக்கமாகக் கல்வெட்டைப் பற்றியோ, வடவேங்கடம் தமிழகத்தின் வட எல்லையாக இருந்ததைப் பற்றியோ எழுதுவேன். இந்த வருஷம் ஓர் ஓவியரைப் பற்றி எழுதப்போகிறேன் என்று சொன்னதும், மலர்க் குழுவில் இருக்கிற மூத்தவர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்:

"ஏன் நயினாரே, அவர் தெலுங்குக்காரர் ஆச்சே? நம்ம மலர்ல எதுக்கு?"

"அண்ணே, முதல்ல எழுதிக் கொடுத்துடறேன். படிச்சுட்டு வேண்டாம்னா எடுத்துடுங்க" என்றேன்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்குப் பதிலாகத்தான் இந்தக் கட்டுரை.

கிருஷ்ணா ரெட்டி 1925ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள் சித்தூர் மாவட்டத்து நந்தனூர் என்ற கிராமத்தில், ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். கலைக் களஞ்சியங்கள் 'ஆந்திரப் பிரதேசத்தில் பிறந்தவர்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. 1925இல் ஆந்திரப் பிரதேசம் என்று ஒன்று ஏது? சித்தூர் மாவட்டமே 1911இல்தான் உருவாயிற்று. வட ஆர்க்காட்டிலிருந்து சில தாலுகாக்களையும் கடப்பையிலிருந்து சிலவற்றையும் எடுத்துச் சேர்த்தார்கள். எல்லாம் சென்னை ராஜதானி. 1953 அக்டோபர் 1இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது மாவட்டம் அந்தப் பக்கம் போனது. பிறகு எல்லைத் தகராறு, பேச்சுவார்த்தை, 1960 ஏப்ரல் 1இல் திருத்தணி நம் பக்கம் வந்தது எல்லாம் இந்த மலரைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். பலர் வீட்டில் அந்தக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் சம்பந்திகள் இருக்கிறார்கள். 2022இல் மறுபடியும் பிரித்துத் திருப்பதி தனி மாவட்டம் ஆயிற்று. காகிதத்தில் கோடு எத்தனை முறை மாறினாலும் சித்தூர், நந்தனூர் என்று 'ஊர்' அப்படியேதான் நிற்கிறது.

நிற்க. அச்சோவியம் என்றால் என்ன என்று சொல்லாமல் மேலே போனால் பாதிப் பேர் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள்.

இந்திய மொழிகளில் முதலில் அச்சேறியது தமிழ், 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சாயிற்று என்று மேடைதோறும் பெருமையாகச் சொல்கிறோம். அது எழுத்து அச்சு. பட அச்சைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. ஆனால் அது நம் வீடுகளில்தான் இருந்தது. பாட்டிமார் வைத்திருந்த 'பெரிய எழுத்து' கதைப் புத்தகங்களை நினைத்துப் பாருங்கள். கறுப்புக் கோடுகளாக ராஜாவும் ராணியும் குதிரையும் இருக்குமே, அவை மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட படங்கள். கட்டையில் எது மேடாக நிற்கிறதோ அது மை பிடித்துக் காகிதத்தில் விழும். பூஜை அறையில் இருந்த பழைய லட்சுமி, சரஸ்வதி படங்கள் வேறு வகை. ரவிவர்மா 1894இல் அச்சகம் போட்டு, கல்லச்சில், நிறத்துக்கு ஒரு கல்லாக வைத்து அடித்து வெளியிட்டார். இன்றைய சிவகாசி ஆப்செட் காலண்டரும் நிறத்துக்கு ஒரு தகடுதான். மூன்றாவது வகை ஒன்று உண்டு. உலோகத் தகட்டைக் குடைந்து, பள்ளத்தில் மையை இறக்கி, ஈரக் காகிதத்தை மேலே வைத்துக் கரும்பு ஆலை மாதிரியான இரண்டு உருளைகளுக்கு நடுவே அழுத்தி எடுப்பது. பள்ளத்து மையைக் காகிதம் உறிஞ்சிக்கொண்டு வரும். கிருஷ்ணா ரெட்டியின் உலகம் இந்தப் பள்ளத்தில்தான் இருக்கிறது.

சிறுவனாக இருந்தபோதே அவருக்கு ரிஷிவேலிப் பள்ளியில் இடம் கிடைத்தது. மதனப்பள்ளிக்குப் பக்கம், அன்றைய சித்தூர் மாவட்டத்துக்கு உட்பட்ட இடம். மதனப்பள்ளியில் பிறந்த ஜே. கிருஷ்ணமூர்த்தி, அந்தப் பள்ளத்தாக்கில் ஒரு பெரிய ஆலமரத்தைப் பார்த்துத்தான் பள்ளிக்கு இடம் தேர்ந்தார் என்று சொல்வார்கள். ராயலசீமை என்றால் வறட்சி, பாறை, முள் என்று நினைக்கிறவர்கள் அந்தப் பக்கம் ஒருமுறை போய்வரவேண்டும். குன்றெல்லாம் யாரோ உருட்டி அடுக்கி வைத்த மாதிரி கற்கள். மழை பெய்தால் பத்தே நாளில் அந்தக் கல்லிடுக்கில் பச்சை தலைகாட்டும். விதை எங்கே இருந்தது, வேர் எந்த இடுக்கில் நுழைந்தது என்று பார்க்கத் தோன்றும். அப்படிப் பார்த்துப் பழகிய ஒரு பையனின் கை பின்னால் தகட்டில் என்ன செய்தது என்பதைச் சொல்கிறேன்.

அங்கிருந்து சாந்திநிகேதன். நாற்பதுகளின் முற்பகுதியில் கலாபவனத்தில் மாணவர். நந்தலால் போஸ் ஆசிரியர். மரத்தடியில் பாடம் நடக்கிற பள்ளி அது. இலையையும் கொம்பையும் பார்த்துப் பார்த்து வரையாமல் எதையும் கற்க முடியாது என்பது நந்தலாலின் கொள்கை. அவரே அச்சோவியத்தில் கைதேர்ந்தவர். தண்டி யாத்திரைக் கோலத்தில் தடியூன்றி நடக்கும் காந்தியடிகளை 1930இல் லினோலியத்தில் செதுக்கி அச்சிட்டவர் அவர்தான். தாகூரின் வங்க அரிச்சுவடியான 'சகஜ பாட'த்துக்கும் அவர் செதுக்கிய படங்கள்தான். அது எப்பேர்ப்பட்ட காலம் என்பதையும் நினைக்கவேண்டும். 1942 'வெள்ளையனே வெளியேறு'. 1943 வங்கப் பஞ்சம். மரத்தடியில் இலை வரைந்த மாணவர்கள், அந்த மரத்துக்கு அப்பால் சாலையில் மனிதர்கள் சருகாக உதிர்வதையும் பார்த்தார்கள்.

மூத்தவர் கேட்ட கேள்விக்கு ஒரு சின்னப் பதில் அடுத்த இரண்டு வருஷத்தில் இருக்கிறது. 1947 முதல் 1949 வரை கிருஷ்ணா ரெட்டி சென்னையில், கலாக்ஷேத்திரத்தில் ஓவியப் பகுதிக்குத் தலைவராக இருந்தார். ருக்மிணி தேவி அருண்டேல் 1936இல் தொடங்கிய அந்த நிறுவனம் அப்போது திருவான்மியூருக்குப் போகவில்லை, அடையாற்றில் இருந்தது. அடையாறு ஆலமரம் கேள்விப்படாத தமிழர் இல்லை. 1989 புயலில் தாய்மரம் சாய்ந்ததும் விழுதுகள் மட்டும் நிற்பதும் தெரிந்ததே. ரிஷிவேலி ஆல், சாந்திநிகேதன் மரத்தடி, அடையாறு ஆல் என்று இவருடைய இருபத்தைந்து வயது வரையிலான கதையை மரத்துக்கு மரம் தாவிச் சொல்லிவிடலாம் போலிருக்கிறது.

பிறகு லண்டன், ஸ்லேடு கலைப்பள்ளி. சிற்பி ஹென்றி மூரின் தொடர்பு அங்கே கிடைத்தது. அடுத்து பாரிஸ், சிற்பி சாட்கினிடம் பயிற்சி. கொஞ்ச காலம் இத்தாலியில் மிலான் நகரத்தில் மரினோ மரினி. மூவரும் சிற்பிகள் என்பதைக் கவனிக்கவேண்டும். தகட்டை இவர் காகிதம்போலப் பார்க்காமல் கல்லைப்போலப் பார்த்ததற்குக் காரணம் இது.

பாரிஸில்தான் 'அத்தெலியே 17' என்ற பட்டறை. வில்லியம் ஹேய்ட்டர் என்ற ஆங்கிலேயர் 1927இல் தொடங்கியது. 17 என்பது அது இருந்த வீட்டு இலக்கம். பிக்காசோ, மீரோ எல்லாரும் வந்து வேலை செய்துவிட்டுப் போன இடம். போர்க்காலத்தில் பட்டறை நியூயார்க் போய், 1950இல் பாரிஸ் திரும்பிவிட்டது. ஹேய்ட்டரைப் பற்றி எனக்குப் பிடித்த செய்தி, அவர் முதலில் ஓவியர் அல்ல, வேதியியல் படித்தவர், பாரசீகத்தில் அபாதானில் எண்ணெய்க் கம்பெனியில் வேலை பார்த்தவர் என்பதே. எண்ணெயின் குணம் தெரிந்த மனிதர். அந்தப் பட்டறையில் ஐம்பதுகளில் கிருஷ்ணா ரெட்டியும் பம்பாய்க்காரரான கைகோ மோத்தியும் சேர்ந்தார்கள். இவர்கள் கையில் பிறந்ததுதான் உலக அச்சோவிய வரலாற்றில் பிசுபிசுப்பு முறை என்று பெயர் பெற்ற வண்ண அச்சு. அறுபதுகளில் கிருஷ்ணா ரெட்டி அந்தப் பட்டறையின் இணை இயக்குநரானார்.

இந்த முறையை ஓவியப் புத்தகங்கள் விளக்குகிற விதத்தில் எனக்கு முதலில் புரியவில்லை. கடையில் நின்று யோசித்தபோதுதான் புரிந்தது. ஆகவே கடைக்காரனாகவே சொல்கிறேன்.

லின்சீட் ஆயில் என்பது ஆளி விதையிலிருந்து எடுக்கிற எண்ணெய். மரவேலைக்கும் பெயிண்டுக்கும் அதுதான் ஆதாரம். வண்ணப் பொடியில் இந்த எண்ணெயைக் கொஞ்சமாகச் சேர்த்தால் மை இறுகி, அல்வா பதத்தில் நிற்கும். கூடச் சேர்த்தால் தேன் மாதிரி இளகும். எங்கள் கடைக்கு வருகிற பெயிண்டர் மேஸ்திரிகள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: "எண்ணெய் தூக்கலா இருக்கிற அடிக்கோட்டு காயறதுக்கு முந்தி, மேல கெட்டியா ஒரு கோட்டு போட்டீங்கன்னா பிடிக்காது சார், வழுக்கிட்டுப் போயிடும்." மேஸ்திரிக்கு அது தொல்லை. பாரிஸ் பட்டறைக்கு அதுதான் புதையல்.

கிருஷ்ணா ரெட்டி ஒரு செம்புத் தகடோ துத்தநாகத் தகடோ எடுத்துக்கொள்வார். அமிலத்தில் அரித்தும், உளியாலும் சுரண்டியாலும் குடைந்தும், அதைப் பல ஆழங்கள் உள்ள நிலமாக ஆக்குவார். மேடு, சரிவு, பள்ளம், பள்ளத்துக்குள் பள்ளம். இது ஒரு நாள் இரண்டு நாள் வேலை இல்லை, மாதக்கணக்கில் ஆகும். முதலில் ஆழப் பள்ளங்களில் மையை அழுத்தி நிரப்பி, மேல் பரப்பைத் துணியால் துடைத்துவிட வேண்டும். அடுத்து, கெட்டியான ரப்பர் உருளை ஒன்றில் எண்ணெய் கூடின இளகல் மையைத் தடவி உருட்டினால், உருளை கெட்டி என்பதால் அது மேட்டில் மட்டும் படும். மூன்றாவதாக, மெத்தென்ற உருளையில் எண்ணெய் குறைந்த இறுகல் மையைத் தடவி அழுத்தி உருட்டவேண்டும். மெத்தென்ற உருளை அமுங்கிக் கீழ்த்தளம் வரை இறங்கும். அங்கே அந்த நிறம் ஒட்டிக்கொள்ளும். மேட்டில் ஏற்கெனவே இளகல் மை இருக்கிறது அல்லவா, அதன்மேல் இறுகல் மை ஒட்டாது, விலகிவிடும். இப்படி ஒரே தகட்டில் மூன்று நிறம், நான்கு நிறம், பக்கத்தில் பக்கத்தில், கலங்காமல் நிற்கும். ஒரே அழுத்தத்தில் காகிதத்தில் இறங்கிவிடும். நிறத்துக்கு ஒரு கல், நிறத்துக்கு ஒரு தகடு என்ற பழைய கணக்கு அங்கே முடிந்தது. நிறம் எங்கே நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது எண்ணெயின் அளவும் பள்ளத்தின் ஆழமும்தான். ஒவ்வொரு தடவையும் கையால் மை இடுவதால், ஒரே தகட்டிலிருந்து எடுத்த இரண்டு படங்கள் இரண்டு பொழுதுகள் மாதிரி வேறு வேறாக இருக்கும்.

ஆளி விதை, ஈரக் காகிதம், செம்பு. இவ்வளவுதான் சரக்கு. பக்கத்துக் காளஹஸ்தியில் கலம்காரி போடுகிறவர்கள் கடுக்காயும் பாலும் துணிக்கு ஊட்டி, இரும்பையும் வெல்லத்தையும் ஊறவைத்துக் கறுப்பு எடுத்து மூங்கில் பேனாவால் வரைகிறார்களே, அதுவும் ஒரு பொருளுக்கு இன்னொரு பொருள் மேல் உள்ள பிடிப்பையும் வெறுப்பையும் அறிந்து செய்கிற வேலைதான். கடுக்காய் ஊட்டிய துணியில்தான் அந்த இரும்பு மை அப்படிக் கறுக்கும். நம் சீமைக்கு இது புதிதல்ல என்பதற்காகச் சொன்னேன். கிருஷ்ணா ரெட்டி கலம்காரியைப் பார்த்துத்தான் கற்றார் என்று யாராவது அடுத்த மலரில் எழுதிவிடாதீர்கள். அப்படி எழுத ஆதாரம் வேண்டும்.

இவர் படங்களின் பெயர்களைப் பார்த்தாலே இயற்கை தெரியும். 1952இல் 'பூச்சி', 'மீன்'. பிறகு அல்லி மலர்கள், ஆறு, முளைவிடும் விதை, 1963இல் 'அலை', 'நீர்ச்சுழி'. ஆனால் மரத்தைப் பார்த்து மரம் வரைந்தவர் அல்ல இவர். காலண்டரில் வருகிற தென்னந்தோப்பும் சூரிய அஸ்தமனமும் இவரிடம் கிடைக்காது. 'நீர்ச்சுழி'யைப் பார்க்கிறவனுக்கு முதலில் ஆறும் தெரியாது, கரையும் தெரியாது. ஒரு மையத்தை நோக்கி எல்லாம் இழுபடுவது தெரியும். நுண்ணிய கோடுகள், கூந்தல் பிரிகிற மாதிரி, அந்த மையத்திலிருந்து விரிந்து வருகின்றன. இவர் படம்பிடித்தது வளர்வதை, சுழல்வதை, திறப்பதை. இலையின் உருவத்தைவிட அந்த இலை எப்படி நரம்பு விட்டு விரிந்தது என்பது இவருக்கு முக்கியம். உளி அந்த வழியிலேயே தகட்டில் போயிருக்கிறது. கல்லிடுக்கில் வேர் நுழைகிற மாதிரி.

இந்த இடத்தில் எங்கள் சமண நூல்களில் வருகிற ஒன்று நினைவுக்கு வருகிறது. சொல்லாமல் போக மனம் வரவில்லை. தொல்காப்பியம் உயிர்களை ஓரறிவு முதல் வகுக்கும்போது புல்லையும் மரத்தையும் ஓரறிவு உயிராக வைக்கிறது. சமணமும் அப்படியே. மரம் என்பது உயிர், பொருள் அல்ல. இன்னொன்று, லேசியை என்று ஒரு கொள்கை. ஆன்மாவின் மேல் படிகிற மனநிலைக்கு நிறம் சொல்வது. பசித்த ஆறு பேர் ஒரு நாவல் மரத்தைப் பார்க்கிறார்கள். ஒருவன் மரத்தை வேரோடு வெட்டலாம் என்கிறான், அவன் நிறம் கருமை. பெரிய கிளையை வெட்டலாம் என்பவன் நீலம். சிறு கிளை போதும் என்பவன் புறாச் சாம்பல். கொத்தைப் பறிக்கலாம் என்பவன், பழத்தை மட்டும் பறிக்கலாம் என்பவன் என்று நிறம் வெளுத்துக்கொண்டே வந்து, கீழே உதிர்ந்ததைப் பொறுக்கிக்கொள்கிறேன் என்பவன் வெண்மை. சமணக் கோயில்களில் இந்த மரத்தைப் படமாக எழுதி வைப்பதுண்டு. என் ஊர்க் கோயிலில் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். இதற்கும் கிருஷ்ணா ரெட்டிக்கும் சம்பந்தம் கற்பிக்க வரவில்லை. ஒரே மரத்தை ஆறு ஆழத்தில் பார்த்தால் ஆறு நிறம் என்பது எங்கள் பெரியவர்கள் கண்ட கணக்கு. அந்தக் கணக்கு தெரிந்ததால், தகட்டின் ஆழத்துக்கு ஒரு நிறம் என்று இவர் செய்தது எனக்கு அந்நியமாகப் படவில்லை.

நேரில் பார்க்கிற பாக்கியம் எனக்கு 2016 கடைசியில்தான் கிடைத்தது. மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ஹேய்ட்டர், கிருஷ்ணா ரெட்டி, ஜரீனா ஹாஷ்மி ஆகிய மூவரின் அச்சோவியங்களைச் சேர்த்து ஒரு கண்காட்சி வைத்திருந்தார்கள். மருமகள்தான் பேப்பரில் பார்த்துவிட்டு, "மாமா, சித்தூர்னு போட்டிருக்கு, உங்க ஊர்ப் பக்கம்தானே?" என்று கேட்டாள். அதற்கு முன்பே புத்தகத்தில் இவர் படங்களைப் பார்த்திருந்தேன். புத்தகத்தில் இருப்பது வேறு, சுவரில் இருப்பது வேறு. பக்கவாட்டில் நின்று பார்த்தால் காகிதமே மேடும் பள்ளமுமாக இருக்கிறது. தகட்டின் பள்ளம் காகிதத்தில் மேடாக எழும்பி, அந்த வரப்பில் ஒரு நிறம், அதன் அடிவாரத்தில் வேறு நிறம். புத்தகத்தில் இது தட்டையாகிவிடுகிறது. காவலாளி இரண்டு தடவை தள்ளி நிற்கச் சொன்னார். கிட்டே போனதற்குக் காரணம், அந்த மையில் எண்ணெய் எவ்வளவு என்று கண்ணாலேயே அளந்துகொண்டிருந்தேன். தொழில் புத்தி போகுமா?

இயற்கை மட்டும்தான் இவர் என்று நினைத்துவிட வேண்டாம். 1968 மே மாதம் பாரிஸில் மாணவர்கள் தெருவில் இறங்கியபோது இவர் அங்கே இருந்தார். அதிலிருந்து பிறந்தது 'ஆர்ப்பாட்டக்காரர்கள்'. கூட்டமாக நிற்கும் மனித உருவங்கள். அவற்றைப் பார்க்கும்போது எனக்கு அடர்ந்து நிற்கும் காட்டு மரங்கள்தான் ஞாபகம் வருகின்றன. 1975இல் தவழும் மகளை வைத்து ஒரு தகடு. எண்பதுகளில் சர்க்கஸ் கோமாளியை எடுத்துக்கொண்டு, ஒரே தகட்டை நிறம் மாற்றி நிறம் மாற்றி அச்சிட்டார். கோமாளிப் படங்கள் உலகப் புகழ் பெற்றவை. என் மனம் என்னவோ அவற்றில் அவ்வளவாக ஒட்டவில்லை. நீரும் விதையும் வந்த ஐம்பது, அறுபதுகளின் தகடுகளே எனக்கு மேலாகப் படுகின்றன. வல்லுநர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம்.

1972இல் இந்திய அரசு பத்மஸ்ரீ வழங்கியது. எழுபதுகளின் பிற்பகுதியில் அமெரிக்காவில் குடியேறி, நியூயார்க் பல்கலைக்கழகத்தில் அச்சோவியத் துறையை நடத்தினார். 2018 ஆகஸ்ட் 22இல் நியூயார்க்கில் காலமானார். வயது 93.

ஒரு விஷயத்தை மட்டும் வியாபாரியாக அழுத்திச் சொல்லவேண்டும். எங்கள் தொழிலில் கலவையைத் தம்பிக்கும் சொல்லமாட்டார்கள். பாலிஷுக்கு எது எத்தனை பங்கு என்பதை அப்பா சாகும்போது காதில் சொல்லிவிட்டுப் போவார். சொல்லாமலே போனவர்களும் உண்டு. கிருஷ்ணா ரெட்டி தம் வாழ்நாள் கண்டுபிடிப்பை, எந்த உருளை, எந்த மை, எவ்வளவு எண்ணெய் என்று விவரமாகப் புத்தகமாகவே எழுதி 1988இல் வெளியிட்டுவிட்டார். பாரிஸிலும் நியூயார்க்கிலும் வந்தவர்களுக்கெல்லாம் பக்கத்தில் நிறுத்திக் கற்பித்தார். இந்தியாவுக்கு வந்தபோதும் பல ஊர்களில் பட்டறை நடத்தினார். அலிகாரில் பிறந்து அத்தெலியே 17இல் பயின்ற ஜரீனா ஹாஷ்மி உலகப் பெயர் பெற்றது பலருக்குத் தெரியும். அந்த முறை தமிழ்நாட்டுக்கும் வந்தது. தேவகோட்டையில் பிறந்த ஆர்.எம். பழனியப்பன் பிசுபிசுப்பு முறையைத் தமக்குரிய வழியில் கையாண்டு பெயர் பெற்றவர். நந்தனூர்க்காரர் பாரிஸில் கண்டது தேவகோட்டைக்காரர் கையில் வேலை செய்கிறது என்றால், இவர் யாருடைய ஆள் என்று எப்படிப் பிரிப்பது?

மூத்தவருக்குப் பதில் இதுதான். இவரைத் தமிழர் ஆக்க நான் முயலவில்லை. அவர் தெலுங்கர். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நாம் நாற்பது வருஷம், சிலர் நான்கு தலைமுறையாக, இந்த மண்ணின் தண்ணீரைக் குடிக்கிறோம். நம் மலரில் இந்த மண்ணைப் பற்றி எழுதுகிறபோதெல்லாம் ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய தமிழ்க் கல்வெட்டோடு நின்றுவிடுகிறோம். அதற்குப் பிறகு இங்கே பிறந்தவர்களைப் பற்றி நமக்கு ஒரு வரி தெரியாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இங்கே ஒரு நூலகத்தில் இவரைப் பற்றி ஏதாவது புத்தகம் இருக்கிறதா என்று கேட்டேன். அங்கிருந்தவர் எந்தக் கட்சி என்று கேட்டார். தெலுங்கர்களும் மறந்துவிட்டார்கள், நமக்கும் தெரியாது என்றால், ஒரு பெயர் நியூயார்க் சுவரில் மட்டும் மிஞ்சும். 2025இல் இவருடைய நூற்றாண்டு. வெளிநாட்டில் கொண்டாடினார்கள். நம் பிள்ளைகள் பாதிப் பேர் அந்த ஊர்களில்தான் இருக்கிறார்கள். அருங்காட்சியகத்துக்குப் போனால் டைனோசர் எலும்பைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நியூயார்க்கில் இருப்பவர்கள் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலும் நவீனக் கலை அருங்காட்சியகத்திலும், டெல்லியில் இருப்பவர்கள் தேசிய நவீன ஓவியக் கூடத்திலும் இவர் பெயரைச் சொல்லிக் கேட்கலாம்.

கட்டுரையை மூத்தவரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு இரண்டு நாள் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் கடைக்கு வந்தார். "நயினாரே, ஞாயித்துக்கிழமை தமிழ் வகுப்புப் பிள்ளைங்களுக்கு இந்த மாதிரி இலையை வச்சு அச்சு எடுக்கக் கத்துக் குடுக்க முடியுமா?" என்று கேட்டார். தகடும் அமிலமும் பிள்ளைகளுக்கு ஆகாது, லினோலியத் துண்டும் சின்ன உளியும் போதும் என்றேன். உருளை இரண்டும், மையில் கலக்க லின்சீட் ஆயில் அரை லிட்டரும் கடைக் கணக்கில் கொடுத்திருக்கிறேன். ரப்பர் உருளையில் கெட்டி ரகம் இங்கே கிடைக்கிறது, மெத்தென்ற ரகத்துக்குச் சென்னைக்கு எழுதியிருக்கிறேன்.